சொல் ஒரு குலம், இலக்கணம் ஒரு குலம்



மொழிகளின் உறவை அறிய இரண்டு விதிகளை நான் வகுப்பில் கூறி வந்தேன். இலக்கணம் எளிதில் கடனாக வாராது என்பது ஒன்று. உறுப்புப் பெயர், மரம், நீர் போன்ற அடிப்படைச் சொற்களும் எளிதில் வாரா என்பது மற்றொன்று. ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, இலக்கணம் ஒரு குலத்தையும் அடிப்படைச் சொற்கள் வேறொரு குலத்தையும் காட்டினால்?” என்று வினவினான். “அப்படி நடவாது, உட்கார்” என்றேன்.

நடந்திருக்கிறது. தான்சானியாவின் வடகிழக்கே உசம்பாரா மலையில் வாழும் ம்புகு மக்கள் மாஅ என்றொரு மொழி பேசுகின்றனர். அதன் இலக்கணம் பாண்டு குலத்தது. அடிப்படைச் சொற்களிற் பெரும்பகுதியோ குஷித்தியக் குலத்தவை. இவ்விரு குலங்களும் தம்முள் உறவற்றவை.

பாண்டு மொழிகளில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்து நிற்கும். ஒருமை பன்மைகளை முன்னொட்டே காட்டும். சுவாஹிலியில் மரம் ‘ம்ட்டி’, மரங்கள் ‘மிட்டி’. மாஅ மொழியில் மரத்திற்குரிய சொல் ‘ஹாட்டு’ என்னும் குஷித்தியச் சொல். ஆயினும் அது ‘ம்ஹாட்டு’, ‘மிஹாட்டு’ என்று பாண்டு முன்னொட்டுகளையே ஏற்று நடக்கிறது! அண்டைப் பாண்டு மொழிகளில் இல்லாத ஒலியொன்றும் இதில் உண்டு. லகரத்திற்கு நாவை வைத்துக்கொண்டு, குரலின்றி மூச்சை மட்டும் நாவின் மருங்கில் உரசிச் செல்ல விடுங்கள். அதுவே அவ்வொலி, தான்சானியாவின் இராக்கு முதலிய குஷித்திய மொழிகளிலும் அது கேட்கும். என் வயதுப் பற்களுக்கு அது சற்றும் வசப்படவில்லை.

மாசாய் மக்களின் நெருக்குதலால் தம் முன்னோர் ஆநிரைகளோடு இடம்பெயர்ந்து வந்தனர் என்பது ம்புகு மக்களின் மரபுச் செய்தி. வந்த இடத்தில் சுற்றிலும் பாண்டு மொழிகள். பிறகு நிகழ்ந்தது யாது? குஷித்திய மொழியே சிறிது சிறிதாகப் பாண்டு இலக்கணத்தை உட்கொண்டது என்று தாமசன், காஃப்மன் என்னும் இருவர் 1988-இல் எழுதினர். டச்சு அறிஞர் மார்ட்டன் மவுஸ் 2003-இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். அம்மக்கள் முதலிற் பாண்டு மொழிக்கே மாறிவிட்டனர். பின்னர், தாம் வேறினத்தார் என்று காட்டும் வேட்கையால் பழஞ்சொற்களை வேண்டுமென்றே பேணினர். போதாதவற்றிற்கு மாசாய்ச் சொற்களைக் கொண்டனர். பாண்டுச் சொற்களையே உருத்திரித்தும் கொண்டனர் என்பது அவர் கொள்கை.

என் மனம் மவுஸின் பக்கமே சாய்கிறது. ஏனெனில் மாஅ பேசுவோர் ம்புகு என்னும் முழுப் பாண்டு மொழியும் பேசுகின்றனர். இரண்டிற்கும் இலக்கணம் ஒன்றே, சொற்களே வேறு. மரத்தை ஒருகால் ‘ம்ட்டி’ என்றும், தம்மவரோடு தனித்திருக்கையில் ‘ம்ஹாட்டு’ என்றும் சொல்வர். அயலார்க்கு அது விளங்காது. விளங்காமையே அதன் பயன்.

அன்று உட்காரச் சொன்ன அம்மாணவன் இன்று எவ்வூரில் உள்ளானோ அறியேன். இப்பேச்சு அவன் செவிக்கு எட்டுமாயின், அவன் வினாவிற்கு உரிய விடை உசம்பாரா மலையில் இருக்கிறது என்று அறிவானாக.