என்ன அடுப்புல சமைச்சீங்க?

செவிலியராகவும் இயன்முறை மருத்துவராகவும் இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே,

நான் நுரையீரல் மருத்துவன். என் அப்பத்தா ஒருநாளும் பீடியைத் தொட்டதில்லை. ஆனால் ஆயுள் முழுக்க வேலிக்கருவை விறகும் எருவாட்டியும் எரித்துச் சமைத்தவர். ஊதாங்குழலோடு அடுப்படியில் குனிந்திருக்கும் உருவம்தான் அவரைப் பற்றிய என் முதல் நினைவு. கடைசிக் காலத்தில் படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்தபடியே இரவுகளைக் கழித்தார். “வயசாச்சு, இளைக்குது” என்றார்கள் வீட்டில். அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நானும் அதையேதான் சொன்னேன். அது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருந்திருக்கும் என்று, அவர் போய்ப் பல ஆண்டுகள் கழித்தே எனக்கு உறைத்தது.

இந்த நோயில் மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் பெரும்பாடு. புகை பட்டுப் பட்டு மூச்சுக்குழாய்கள் சுருங்குகின்றன, சளி கட்டுகிறது, காற்றறைகளின் சுவர் அழிகிறது. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் தேங்கிவிடுகிறது. நிறைந்த குடத்தில் மேலும் எப்படி ஊற்றுவது? “மூச்சே உள்ள போகலை” என்று நோயாளி தவிப்பது இதனால்தான். கண்டுபிடிக்க ஸ்பைரோமீட்டர் போதும். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஊதி வெளியேற்றும் மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்கும் குறைவாகவே முதல் நொடியில் வந்தால், அடைப்பு இருக்கிறது.

இதை ஆண்களின் பீடி நோய் என்றே பலரும் நினைக்கிறார்கள். புகையிலைதான் பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்து 2011இல் வெளியான ஆய்வில், 2.44 சதவீதம் பேருக்கு இந்நோய் இருந்தது. நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் சமையலில் செலவிட்டவர்களிடம் அது 3 சதவீதம். அவர்கள் சமைத்ததும் நம் வீட்டு அடுப்படிகள் போன்றவற்றில்தான்.

அழிந்த காற்றறை மீண்டும் வளராது. ஆனால் மிச்சமிருக்கும் மூச்சை வைத்து நன்றாக வாழ முடியும். அந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கப்போவது, மருந்துச்சீட்டு எழுதும் என்னைவிட அதிகமாக நீங்கள்தான்.

“இன்ஹேலர் கேட்கலை” என்று ஒருவர் சொன்னால், உங்கள் முன்னால் ஒருமுறை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். பலரிடம் மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது. ஸ்பேசர் மாட்டி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கப் பழக்குங்கள். “பழகிட்டா விட முடியாதாமே” என்ற பயத்தையும் பொறுமையாகப் போக்குங்கள்.

மூச்சு வாங்குமே என்று பயந்து உட்கார்ந்தே இருப்பவருக்குக் கால் தசைகள் இளைத்து, நாலடி நடந்தாலே இன்னும் அதிகமாக வாங்கும். அவரைக் கைபிடித்து நடக்க வையுங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, விளக்குச் சுடர் ஆட வேண்டும், ஆனால் அணையக் கூடாது என்ற அளவில் மெல்ல ஊதச் சொல்லுங்கள். ஆயுள் முழுக்க அடுப்புக்காக ஊதியவர், இனித் தன் மூச்சுக்காக ஊதட்டும். அப்படிப் பழகிய ஒரு அம்மா, எட்டு வாரம் கழித்து, “ரேஷன் கடைக்கு நானே போயிட்டு வந்தேன்” என்று என்னிடம் சொன்னார். அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையை இன்று உங்கள் முகங்களில் பார்க்கிறேன்.

ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிட்டவர்களுக்கு, நாளுக்கு 15 மணி நேரம் ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் நீளும் என்பதை 1981இலேயே பிரிட்டிஷ் ஆய்வு காட்டிவிட்டது. புகையை எந்த வயதில் நிறுத்தினாலும் பலன் உண்டு. ஃப்ளூ தடுப்பூசியையும் நினைவூட்டுங்கள்.

நாளை உங்கள் முன்னால் ஒரு பாட்டி வந்து உட்காருவார். பீடி, சிகரெட் உண்டா என்று கேட்பீர்கள். இல்லை என்பார். அதோடு பேனாவை மூடிவிடாதீர்கள். “என்ன அடுப்புல சமைச்சீங்க பாட்டி?” என்று கேளுங்கள்.

என் அப்பத்தாவிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. இனி நீங்கள் கேளுங்கள்.