கறுத்த எழுத்தின் கதை



நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பெயர்த் தலைப்பை நம்மில் பலர் பார்த்திருப்போம். பட்டச் சான்றிதழ்கள் சிலவற்றின் தலைப்பிலும் அதே இன எழுத்தைக் காண்கிறோம். தடித்துக் கறுத்து, வளைவெல்லாம் ஒடிந்து, ஈட்டிமுனைபோல் நிற்கும் அதனைக் காதிக் எழுத்து என்பர். இன்று அணியாக மட்டும் நிற்கும் இவ்வினத்தை ஒரு காலத்தில் ஒரு நாடே அன்றாடம் படித்து வந்தது.

இவ்வடிவைத் தந்தது இறகுப் பேனா. நுனியை அகலமாகச் சீவிச் சாய்த்துப் பிடித்து எழுதினால், கீழிறங்கும் கோடு தடிக்கும். மேலேறும் சாய்கோடு மயிரிழையாய் மெலியும். எழுதும் தோல் விலை மிக்கது. ஆதலின் எழுத்துகளை நெருக்கி எழுதினர். பக்கம் நெய்த துணிபோல் தோன்றியது. நெசவு என்னும் பொருளில் இவ்வகைக்கு டெக்ஸ்டுரா என்று பெயர் வந்தது. மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் ஏறத்தாழ 1455-இல் அச்சிட்டு முடித்த விவிலியம் இவ்வகை எழுத்திலேயே அமைந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் இதன் வழியில் பிராக்டூர் எழுத்துத் தோன்றியது. ஒடிந்தது என்பதே அப்பெயரின் பொருள். இத்தாலியும் பிரான்சும் உருண்டை வடிவான ரோமன் எழுத்தை மேற்கொண்டன. ஜெர்மானியரோ பிராக்டூரைக் கைவிடவில்லை. தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்கு முதலியோர் எழுதிய கடிதங்களும் ஹாலே நகரில் இவ்வெழுத்திலேயே நூலாயின. அதே ஹாலேயில்தான் 1710-ஐ அடுத்த ஆண்டுகளில் தமிழ் அச்செழுத்துகளும் வார்க்கப்பெற்றுத் தரங்கம்பாடிக்கு வந்தன. பின்னர் விளம்பரத் தாள்கள் பெருகவே, தொலைவிலிருந்தும் கண்ணைக் கவரும் கொழுத்த பிராக்டூர் எழுத்துகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டினர்.

இவ்வளவு வேரூன்றிய எழுத்தை ஓர் ஆணை வீழ்த்தியது. 1941 ஜனவரி 3-ஆம் நாள், இட்லரின் பெயரால் போர்மன் சுற்றறிக்கை விடுத்தார். இது யூதர் எழுத்து என்றும், இனி ரோமன் எழுத்தே வழங்கும் என்றும் அது கூறியது. அக்கூற்றுக்கு ஆதாரம் ஏதுமில்லை. அந்தச் சுற்றறிக்கைத் தாளின் தலைப்பே காதிக் எழுத்தில் இருந்தது! இவ்வரலாறு அறியாதார் இன்று அதனை நாசிகளின் எழுத்து என்றே எண்ணுகின்றனர்.

பழைய ஜெர்மன் கையெழுத்து முறையும் அவ்வாண்டிலேயே பள்ளிகளில் விலக்கப்பட்டது. 1945-இல் ஆட்சி வீழ்ந்த பின்னும் பழைய எழுத்து தன் பழைய இடத்தைப் பெறவில்லை. மொழி மாறவில்லை, ஆயினும் பாட்டன் எழுதிய கடிதத்தைப் பேரனால் படிக்க இயலவில்லை. மதுக்கடைப் பலகையிலும் பத்திரிகைத் தலைப்பிலும் மட்டும் அவ்வெழுத்து எஞ்சியது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் வேறு எழுத்தைக் கற்கிறார்கள். இங்கே எவரும் தமிழெழுத்தை விலக்கி ஆணையிடவில்லை. எனினும் பழக்கம் ஒரு தலைமுறை அறுந்தால், விளைவு ஒன்றே. ஊரிலிருந்து வரும் பாட்டியின் கடிதம் பேரப்பிள்ளைக்கு வெறும் கோலமாகிவிடும். நாள்தோறும் அரை நாழிகை பிள்ளையை அருகமர்த்தித் தமிழெழுத்தை எழுதப் பழக்குவோம். நம் எழுத்து அணியாக மட்டும் எஞ்சாமல், படிக்கும் எழுத்தாகவே நிலைக்கட்டும்.