தசை இறுகுவது ஏன்?

டூஷென் தசைச்சிதைவு நோய் ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாததே காரணம் என்பது 1987இல் தெரியவந்தது. தசைநாரின் உட்சட்டத்தை மேலுறையோடு பிணைத்து வைப்பது இந்தப் புரதம்தான். அது இல்லாவிட்டால் தசை இயங்க இயங்க உறை கிழியும், கால்சியம் உள்ளே புகும், நார் மடியும். மடிந்த இடத்தைக் கொழுப்பும் கொலாஜன் என்ற இன்னொரு புரதமும் நிரப்புகின்றன. கொலாஜன் தழும்பாக இறுகிவிடும், தசையைப்போலச் சுருங்கி விரியாது. இதனால் கெண்டைக்கால் பருத்துத் தெரியும், வலு இருக்காது. பெற்றோர் பலர் ஏமாறுவது இங்கேதான். கணுக்கால் இறுகுவதால் சிறுவன் நுனிக்காலில் நடக்கிறான். தினமும் தசையை நீட்டும் பயிற்சி இறுக்கத்தையும், மருத்துவர் தரும் ஸ்டீராய்டு சிதைவையும் தள்ளிப்போடுகின்றன. இந்நோய்க்கான மரபணுப் பரிசோதனையைக் கோயம்புத்தூரின் எம்.டி.சி.ஆர்.சி. மையம் செய்கிறது. அடிக்கடி விழும், தொடையில் கையூன்றி எழும் சிறுவன் வீட்டில் இருந்தால், மருத்துவரிடம் காட்டி ரத்தத்தில் சி.கே. (கிரியேட்டின் கைனேஸ்) என்ற தசை நொதியின் அளவைப் பார்த்துவிடுங்கள்.