இரண்டு பைட் போதும்



லிந்துலைப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் நீண்ட தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அடியில் விசிறி ஊத, கொழுந்து 12 மணி நேரம், சிலவேளை 18 மணி நேரம்கூட வாடவேண்டும். மூடுபனி இறங்கினால் காற்றின் ஈரம் மாறும். வாட்டத்தின் கணக்கும் மாறும். ஒவ்வொரு தொட்டியாகப் போய்ப் பார்க்க இரவில் ஓர் ஆள் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நடையைக் குறைக்கக்கூடிய ஒன்றைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. கருவிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் இந்த முறையின் பெயர் எம்.கியூ.டி.டி.

1999இல் ஐபிஎம்மைச் சேர்ந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பர் என்ற பொறியியலாளரும் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க இதை உருவாக்கினார்கள். தகவல் செய்மதி வழியே போகவேண்டும். அனுப்புகிற அளவுக்குக் காசு. ஆகவே கஞ்சத்தனமாகவே கட்டினார்கள். ஒரு செய்தியோடு கட்டாயம் போகவேண்டிய முன்பகுதி 2 பைட்டிலேயே அடங்கிவிடும். சிக்னல் தேடி மேட்டில் ஏறுகிற நமக்கு இந்தக் கஞ்சத்தனம் நன்றாகவே பொருந்தும்.

வேலை செய்யும் விதம், தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களம் மாதிரி. கருவிகள் ஒன்றோடொன்று நேரே பேசுவதில்லை. நடுவில் 'புரோக்கர்' என்ற மென்பொருள் இருக்கும். ஈரம் அளக்கும் கருவி "மூன்றாம் தொட்டி, ஈரம்" என்ற தலைப்பில் செய்தியை அங்கே கொடுத்துவிடும். அந்தத் தலைப்பைக் கேட்டு வைத்தவர்களுக்கு மட்டும் அது போய்ச்சேரும். யார் கேட்கிறார்கள் என்பது கருவிக்குத் தெரியாது; தெரியவும் வேண்டியதில்லை.

தேயிலைத் தொழிற்சாலைக்கு மட்டுமல்ல, பலர் சேர்ந்து இயந்திரங்களைப் பாவிக்கும் பட்டறைக்கும் இது உதவும். அங்கே இதிலுள்ள இன்னொரு வசதி இன்னும் பெறுமதியானது. கருவி இணையும்போதே "என் தொடர்பு திடீரென அறுந்தால் இதைச் சொல்லிவிடு" என்று உயில் மாதிரி ஒரு செய்தியைப் புரோக்கரிடம் கொடுத்து வைக்கலாம். கரண்ட் போனாலும் வயர் கழன்றாலும், குறித்த நேரத்துக்குள் கருவியிடமிருந்து சத்தம் வராவிட்டால் புரோக்கர் அதை அறிவித்துவிடும். கடைசிச் செய்தியைப் பிடித்து வைக்கவும் சொல்லலாம். காலையில் வருகிறவர் கடைசல் இயந்திரம் ஓடுகிறதா, நிற்கிறதா என்று தொலைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இயந்திரத்தை அவசரமாக நிறுத்தும் சுவிட்சை மட்டும் இதை நம்பி விடாதீர்கள். அது நேரடி வயரில்தான் இருக்கவேண்டும். கை மாட்டிக்கொண்ட நேரத்தில் வைஃபையை எதிர்பார்க்க முடியாது.

பெரிய செலவும் இல்லை. 'மொஸ்கிட்டோ' என்ற புரோக்கர் மென்பொருள் இலவசம். பழைய கணினியிலும் ஓடும். ஹற்றனிலும் தலவாக்கலையிலும் தொழிற்பயிற்சி பெறும் தம்பி தங்கைகளே, ஒரு வெப்பமானியை இணைத்துத் தொடங்கிப் பாருங்கள். கடவுச்சொல் போடாமல் மட்டும் அதை இணையத்தில் திறந்துவிடாதீர்கள். உங்கள் விசிறியை ஊரார் நிறுத்திவிடுவார்கள்.