அறுபட்ட நரம்பின் சாட்சி

கல்லீரலை நாம் ஒரு கிடங்காகவே எண்ணிப் பழகிவிட்டோம். உண்டது வந்து சேரும், வேண்டும்போது வெளியே போகும், வரவுசெலவை இன்சுலின் பார்த்துக்கொள்ளும். இந்தச் சித்திரத்தில் நரம்புக்கு இடமில்லை. ஆனால் சர்க்கரைக் கணக்கில் மட்டுமல்ல, கொழுப்புக் கணக்கிலும் நரம்பு கைவைக்கிறது என்பதே என் வாதம்.

1849இல் பிரெஞ்சு உடலியங்கியலாளர் கிளாட் பெர்னார், ஒரு முயலின் மண்டையோட்டின் வழியே கூரிய கருவியைச் செலுத்தி, முகுளத்தில் நான்காம் மூளையறையின் தரையைக் குத்தினார். சிறிது நேரத்தில் முயலின் சிறுநீரில் சர்க்கரை இறங்கியது. கணையத்தை அவர் தொடவேயில்லை. செய்தி, மூளையிலிருந்து வயிற்றறைக்கு இறங்கும் வேகஸ் நரம்பு வழியாகப் போகிறது என்று முதலில் கருதினார்; அதை அறுத்த பின்னும் சர்க்கரை வந்தது. வயிற்றறைக்குச் செல்லும் பரிவு நரம்புகளை அறுத்தபோதுதான் நின்றது. கணிப்பு பொய்த்தாலும் சோதனை நிலைத்தது. அந்த நரம்பு அட்ரினல் சுரப்பிக்கும் போகிறதே, ஈரலை உசுப்பியது இரத்தத்தில் கலந்த அட்ரினலின்தானே என்று கேட்கலாம். பாதி உண்மை. ஆனால் 1960களில் ஜப்பானின் தகாஷி ஷிமாசு, அட்ரினல் நீக்கப்பட்ட முயல்களில் நரம்பைத் தூண்டியபோதும் ஈரலின் சர்க்கரை இருப்பான கிளைக்கோஜனைச் சிதைக்கும் நொதி வேகம் பெற்றது.

அட்ரினலின் கேள்வியைவிட வலுவான மறுப்பு அறுவை அரங்கிலிருந்து வருகிறது. மாற்று ஈரல் பொருத்தும்போது இரத்தக் குழாய்களையும் பித்தநாளத்தையும் தைக்கிறார்கள். நரம்பை யாரும் தைப்பதில்லை. அந்த ஈரலோடு மனிதர்கள் பல்லாண்டு வாழ்கிறார்கள். அப்படியானால் நரம்பு எதற்கு? மாற்று இதயமும் நரம்பின்றித் துடிக்கிறது. ஆனால் மாடிப்படி ஏறும்போது அது வேகமெடுக்கத் தாமதமாகிறது. உயிரோடிருப்பது வேறு, சமயமறிந்து நடப்பது வேறு.

மறுப்பவர் கொண்டுவந்த சாட்சியே 2022இல் வெளியான வியன்னா ஆய்வில் கட்சி மாறியது. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டினின் மருந்து வடிவத்தை, பட்டினியிருந்த ஒல்லியான 13 ஆண்களுக்கு ஒரேயொரு ஊசியாகச் செலுத்தினார்கள். ஈரல் கொழுப்பைப் புரதத்தோடு பொதிகட்டி இரத்தத்தில் அனுப்புவது கூடியது. ஈரலில் தங்கியிருந்த கொழுப்பு குறைந்தது. லெப்டின் பசியைக் குறைப்பதால் வந்த பலன் என்று இதைத் தள்ள முடியாது, அவர்கள் உண்ணவேயில்லை. அதே ஊசி, மாற்று ஈரல் பெற்ற 9 பேரிடம் அந்தப் பலனைத் தரவில்லை.

ஆட்கள் சொற்பம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாற்று ஈரல் பெற்றவர்கள் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளையும் உண்பவர்கள். குறுக்கே நின்றது அந்த மருந்தாகவும் இருக்கலாம். இந்த ஐயத்துக்கு அதே ஆய்வின் இன்னொரு பகுதி ஓரளவு பதில் சொல்கிறது. மாற்று ஈரலோ லெப்டின் ஊசியோ இல்லாத வேறு 10 ஒல்லியான ஆண்களுக்கு உணவு கொடுத்து, விழுங்காமல் மென்று துப்பச் சொன்னார்கள். மெல்லுவதே வேகஸ் நரம்பைத் தூண்டும். வயிற்றுக்குள் ஒரு கவளமும் போகவில்லை. ஆனாலும் ஈரல் கொழுப்பை வெளியே அனுப்புவது கூடியது.