தொப்புள் பிதுங்கினால் துணி கட்டாதீர்!



1947இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. அதே கெடா மண்ணில் நாம் இன்றும் குடியின் கேட்டைப் பேசவேண்டியிருக்கிறது.

சம்சு ஈரலைச் சுருக்கிவிடும். குடிக்காதவருக்கும் ஹெப்பாடிடிஸ் பி, சி கிருமிகள் அதையே செய்யும். ஆகவே நோயாளியை ஏளனம் செய்யோம்.

ஈரல் சுருங்கினால் வயிற்றில் நீர் சேரும். நீரின் அழுத்தத்தால் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குத் தொப்புள் பிதுங்கும். சிலர் அதன்மேல் காசு வைத்துத் துணியால் இறுக்குகின்றனர். பயனில்லை! தோல் மெலிந்து வெடித்தால் கிருமி உள்ளே புகும். குடல் சிக்கினால் அழுகும். இரண்டும் உயிருக்கு ஆபத்து.

பிதுக்கம் உள்ளே போகாமல் வலித்தாலோ, வாந்தி எடுத்தாலோ, தோல் கறுத்தாலோ, நீர் கசிந்தாலோ, அந்த நிமிடமே அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அதுவரை காத்திராமல் முன்பே செல்வது மேல். முதலில் நீரை அடக்கி, பிறகு அறுவை செய்தால் ஆபத்து குறைவு; அவசரத்தில் செய்தால் அதிகம்.

சம்பளம் போகுமே என்று அஞ்சவேண்டாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்கவேண்டிய நோய்க்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவியுங்கள். டாக்டர் சான்றிதழைக் கொடுங்கள். மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள்.

குடியை விடுவோம்! உயிரைக் காப்போம்!