கறுக்கும் சிறுநீரும் இறுகும் முதுகெலும்பும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வரவு செலவுக் கணக்கைக் கேட்டுக் களைத்திருக்கும் தங்களிடம் ஓர் அரிய நோயைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். அதன் பெயர் அல்காப்டன்யூரியா. பெயர் மறந்தாலும் பாதகமில்லை. அடையாளம் நினைவில் நின்றால் போதும்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்ப்பவர். அவருடைய அனுமதியுடன், பெயர் குறிப்பிடாது இதனைக் கூறுகின்றோம். முப்பத்து நான்கு வயதில் அவருக்கு இடுப்பு வலி தொடங்கிற்று. நின்றே செய்யும் வேலையால் வந்தது என்றார்கள், டிஸ்க் என்றார்கள். பெல்ட் கட்டினார், எண்ணெய் தேய்த்தார். ஏழாண்டுகள் கழிந்தன. பின்னர் ஒரு மருத்துவர், முதுகெலும்புத் தட்டுகளில் சுண்ணாம்பு படிந்திருப்பதை எக்ஸ்ரேயிலும், கண்ணின் வெண்மையில் பழுப்புப் புள்ளியை நேரிலும் கண்டு, "சிறுவயதில் சிறுநீர் கறுத்ததுண்டா?" என வினவினார். உடன் வந்திருந்த தாயார் சொன்னார்: "குழந்தைத் துணியெல்லாம் கறுத்துப் போகும் டாக்டர். சோப்புப் போட்டால் இன்னும் கறுக்கும்." நாற்பது ஆண்டுகளாக விடை அந்த அம்மையாரிடமே இருந்தது; கேட்பார்தாம் இல்லை.

நாம் உண்ணும் பருப்பிலும் இறைச்சியிலும் உள்ள புரதத்தை உடல் படிப்படியாகச் சிதைக்கிறது. அதில் ஒரு படிக்குரிய நொதி பிறவியிலேயே செயலற்றிருந்தால், ஹோமோஜென்டிசிக் அமிலம் என்னும் பொருள் தேங்குகிறது. நாள்தோறும் சில கிராம் சிறுநீரில் வெளியேறிக் காற்றுப்பட்டுக் கறுக்கிறது. சோப்பின் காரம் அதனை விரைவுபடுத்துகிறது. எஞ்சியது குருத்தெலும்பில் கருஞ்சாயமாகப் படிகிறது. குழந்தைக்கு வலி ஏதும் இராது. முப்பது வயதுக்கு மேல்தான் முதுகெலும்பு இறுகும். பின்னர் முழங்கால், இடுப்பு, தோள் மூட்டுகள் தேயும். எலும்பின் அடர்த்தியும் பலருக்குக் குறைகிறது. ஐம்பத்தைந்து வயதுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஒரு மூட்டையாவது மாற்ற நேர்கிறது. சிறுநீரகக் கல்லும், இதய வால்வு இறுகுதலும் கூடவே வரலாம்.

இன்னொரு செய்தி. சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலுடன் சுடவைத்துச் சர்க்கரை பார்த்த அக்காலத்தில், இந்த அமிலமும் சர்க்கரையைப் போலவே நிறம் காட்டியதால், இல்லாத நீரிழிவுக்குப் பத்தியம் இருந்தவர்களும் உண்டு!

1902ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு கேரட் இந்நோயை ஆராய்ந்தபோது, நோயாளிகள் பலருடைய பெற்றோர் ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகளாய் இருப்பதைக் கண்டார். மரபுவழி நோய்களைப் பற்றிய அறிவு அங்கிருந்துதான் வளரத் தொடங்கிற்று. உலகில் இரண்டரை லட்சம் முதல் பத்து லட்சம் பேருக்கு ஒருவருக்கே வரும் நோய் இது. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பகுதியில் குடியேறிய நரிக்குறவ மக்களுள் 41 பேரைச் சோதித்ததில் 16 பேருக்கு இருப்பதாக 2014இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. அவர்களுள் 11 பேரிடம் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் ஒரே மரபணுப் பிழை காணப்பட்டது. சிறிய சமூகம், தமக்குள்ளேயே மணவுறவு. என்றோ ஒரு மூதாதையரிடம் தோன்றிய பிழை பலரிடமும் பரவிவிட்டது. ஆவடியில் நம் அண்டையிலும் அம்மக்கள் வாழ்கின்றனர். மணி விற்க வரும் பெரியவர் குனிய முடியாமல் நின்றால் சோம்பல் என்று எண்ணிவிடலாகாது. இப்படியும் ஒரு காரணம் இருக்கக்கூடும்.

நோய் உறுதியானபின் செய்வதற்கு உண்டு. பாரம் தூக்கும் வேலையைத் தவிர்த்தல், மூட்டை வருத்தாத உடற்பயிற்சி, மருத்துவர் சொல்லும் அளவில் புரதம், தண்ணீர், வைட்டமின் டி சோதனை, நாற்பதுக்கு மேல் இதய எக்கோ. களைக்கொல்லி ஆராய்ச்சியிலிருந்து கிடைத்த நிட்டிசினோன் என்னும் மருந்து அந்த அமிலத்தை 99 விழுக்காடு குறைப்பதாக 2020இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டிற்று. அவ்வாண்டே ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு இம்மருந்து அனுமதிக்கப்பட்டது. தேய்ந்த மூட்டை அது மீட்டுத் தராது. இரத்தத்தில் டைரோசின் கூடிக் கண்ணைப் பாதிக்கலாம் என்பதால், தக்க மருத்துவர் மேற்பார்வை இன்றி உட்கொள்ளத் தக்கதும் அன்று.

இனி நம் வீட்டு விஷயம். மாமன் மகளையும் மாமி மகனையும் மணப்பதை மார்க்கம் அனுமதித்துள்ளது, கட்டாயமாக்கவில்லை. நிக்காஹ் பதிவேட்டைப் புரட்டினால் சொந்தத்தில் முடிந்த திருமணங்கள் எத்தனை என்பது நிர்வாகத்தில் உள்ள எங்களுக்குத் தெரியும். சொத்து பிரியாது, பெண் கண்ணெதிரே இருப்பாள் என்ற காரணங்களை நாங்கள் இகழவில்லை. எங்களுள் சிலரே அவ்வாறு மணந்தவர்கள்தாம். எனினும் ஒரே பிழையைத் தாயும் தந்தையும் சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. ஆகவே, சம்பந்தம் பேசும்போது நகையையும் படிப்பையும் விசாரிப்பதோடு, "உங்கள் வீட்டில் யாருக்கேனும் துணி கறுத்ததுண்டா, இளவயதிலேயே முதுகு வளைந்ததுண்டா?" என்றும் கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

அச்சகோதரரின் தங்கைக்குத் தாய்மாமன் மகனைப் பேசி வைத்திருந்தார்கள். தங்கைக்கு நோய் இல்லை. ஆனால் பிழையைச் சுமப்பவராக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புண்டு. சென்ற மாதம் இரு வீட்டாரையும் பள்ளிவாசல் அலுவலகத்தில் அமர்த்திப் பேசினோம். மாமனார் முதலில் கோபித்து எழுந்தார். தேநீர் வந்தபின் அமர்ந்தார். மணமக்கள் இருவருக்கும் மரபணுச் சோதனை செய்து, முடிவு வந்த பின்னரே தேதி குறிப்பதென இரு தரப்பும் சம்மதித்துள்ளனர்.